சுரேந்தரின் இடது பெருவிரல்

கத்தி பிடித்த கையைத்தான் எல்லோரும் பார்ப்போம். சவரத்தில் பாதி வேலை இன்னொரு கையுடையது. இடது பெருவிரல் கன்னத்தைக் கீழே இழுத்துப் பிடிக்காவிட்டால் பிளேடு தோலை மடக்கிக்கொண்டு போய்விடும். அதனால் கத்தி போகும் வழியில், அதற்கு ஒரு விரற்கடை முன்னால், அந்தப் பெருவிரல் நகர்ந்துகொண்டே இருக்கும். கத்தி முந்திவிட்டால் விரலில் விழும். சுரேந்தரின் இடது பெருவிரல் காய் நறுக்கும் பலகை மாதிரி இருக்கும். குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைத் தழும்புகள்.

சூலூர் பள்ளியில் பன்னிரண்டாவது வரை நானும் அவனும் ஒரே பெஞ்சு. நான் ஷார்ஜாவுக்கு வந்துவிட்டேன். அவன் அப்பாவின் கடைக்குப் போனான். இந்தக் கதையில் வருகிற பெரிய மனிதரின் பெயரையும், அவர் வீட்டார் பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஊரையும் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

கடை திருப்பூர் ரோட்டின் மேல் இருக்கிறது. இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. வாசலில் அவனே எழுதிய பலகை: 'ஒவ்வொருவருக்கும் புது பிளேடு'. வெறும் பேச்சில்லை அது. பிளேடை உறையோடு வாடிக்கையாளர் கண்ணுக்கு நேரே நீட்டிக் காட்டுவான். பிறகு அதை உறையோடேயே மடக்கி இரண்டாக ஒடித்து, பாதியைக் கத்தியில் செருகுவான். அப்பா காலத்தில் ஒரே கத்தியைத் தோல்வாரில் தீட்டித் தீட்டி ஊருக்கே சவரம் செய்தார்கள் என்பது அவனுக்குக் கூச்சம். துண்டுகளைத் தினமும் டெட்டாலில் அலசிக் காயப்போடுவான். சுத்தம் என்றால் அந்த ரோட்டில் அவன் கடைதான்.

கல் ஒன்று மட்டும் பழையது. படிகாரக் கல். வருடத்துக்கு ஒரு முறை, ஆயுத பூஜைக்கு, பெரிய கட்டியாக வாங்கி உடைப்பான். ஒரு துண்டைக் கறுப்புக் கயிற்றில் கட்டித் திருஷ்டிக்காக வாசலில் தொங்கவிடுவான். இன்னொரு துண்டு கண்ணாடிக்குக் கீழே எவர்சில்வர் கிண்ணத்தில் இருக்கும். யாருக்காவது கீறல் விழுந்தால் தண்ணீரில் நனைத்து ஒரு தேய்ப்பு. ரத்தம் நின்றுவிடும். சுரீரென்று எரியும். "எரிஞ்சாத்தானுங்க கிருமி சாகும்" என்பான். அவனுக்கு அவன் அப்பா சொன்னது. அதை அவன் முழுசாக நம்பினான். நாமும்தான்.

அந்தத் திங்கட்கிழமை காலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் தம்பிதுரை. நாலு விசைத்தறிக் கொட்டகைகளுக்கு முதலாளி. ஊரில் எந்தப் பஞ்சாயத்தும் அவர் இல்லாமல் நடக்காது. வாரத்தில் மூன்று தடவை சுரேந்தரிடம்தான் சவரம்.

"ஞாயித்துக்கெழம வர்ஷினியப் பாக்க கோபிச்செட்டிபாளையத்துல இருந்து வாராங்கப்பா. நல்ல எடம். வாழைத்தோப்பு, ரைஸ்மில்லு எல்லாம் இருக்குது. பையன் பெங்களூர்ல வேலை."

"ரொம்ப சந்தோசமுங்கய்யா. அப்ப ஞாயித்துக்கெழம வெடியாலயே வந்துபோடுங்க. மாப்பிள்ளைய விட மாமனார் சின்னப்பையனாட்ட தெரியோணும்."

"அடப் போடா. பத்து நாளா சோறு எறங்கல, ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்டாப்ல கெடக்குது. இதுல சின்னப்பையனாம்."

பக்கத்து விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு ஜெட் கிளம்பியது. கண்ணாடி அதிர்ந்தது. எப்போதும்போல சுரேந்தர் கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். சத்தம் கடந்து போகும் வரை கடையில் யாரும் பேசினால் கேட்காது. பேசவும் மாட்டார்கள்.

"உன்ற கத்திக்கும் ஏர்போர்ஸுக்கும் நல்ல ஒப்பந்தம்" என்று தம்பிதுரை சிரித்தார்.

சத்தம் ஓய்ந்ததும் சுரேந்தர் பெருவிரலால் கன்னத்தை இழுத்தான். கன்னத்தோடு கீழிமையும் இறங்கியது. இமைக்குள் கண்ணின் வெள்ளை, வெள்ளையாக இல்லை. சாம்பாரில் ஊறின இட்லி மாதிரி ஒரு மஞ்சள். அவன் அந்தக் கண்ணையே பார்த்தான். கை பழக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பெருவிரல் நகரவில்லை.

பிளேடு கன்னத்தைக் கீறி, அதே வேகத்தில் விரலுக்குள் இறங்கியது. அவருடைய ரத்தமும் அவனுடைய ரத்தமும் நுரையில் சேர்ந்து சிவப்பாய் வழிந்தன.

"என்றா, வெட்டிப்போட்டியா?"

"ஒண்ணுமில்லீங்கய்யா. சித்த புல்லுக் கீறுனாப்லதான்." கல்லை நனைத்து அவர் கன்னத்தில் அழுத்தித் தேய்த்தான். அவர் உஸ்ஸென்றார். அதே கல்லைத் திருப்பி, தன் பெருவிரலில் இன்னும் அழுத்தித் தேய்த்துக்கொண்டான். எத்தனையோ வருடமாக அப்படித்தான். யோசித்துச் செய்கிற காரியமில்லை அது.

போகும்போது மட்டும் சொன்னான்: "ஐயா, கண்ணு ஒரு மாதிரி மஞ்சளா இருக்குதுங்க. டாக்டர்கிட்ட ஒரு எட்டு காட்டிப்போடுங்க."

"தறிக்காரனுக்குக் கண்ணு வெள்ளையா இருந்தாத்தான் அதிசயம். தூக்கம் எங்க இருக்குது?"

செவ்வாய்க்கிழமை கடை லீவு. புதன்கிழமை காலை, தறி மெக்கானிக் மனோஜ்குமார் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைப் புரட்டிக்கொண்டே சொன்னான். "தெரியுமா? பெரியவர நேத்துப் பொழுதோட கோயமுத்தூர்ல ஆஸ்பத்திரில சேத்திப்போட்டாங்களாமா. மஞ்சக்காமாலையாம்."

சுரேந்தரின் கை நின்றது. "எந்தக் காமாலை?"

"காமாலைல என்ன எந்தக் காமாலை? கீழாநெல்லிய அரைச்சுக் குடிச்சாப் போற காமாலைதான். நீ என்ன, பரிச்சைக் கேள்வியாட்டக் கேக்கற?"

முடிதிருத்துவோர் சங்கத்துக் கூட்டத்தில் ஒரு தடவை யாரோ சுகாதார ஊழியர் வந்து பேசியது அவனுக்கு ஞாபகம் வந்தது. தண்ணீரில் வருகிற காமாலை ஒன்று, ரத்தத்தில் வருகிற காமாலை வேறு என்று. அன்று இவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று காலை எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. கூடவே ஒரு பெருவிரலின் படம். "டேய், இதப் பத்தி கொஞ்சம் பாத்துச் சொல்லு. வேற யார்கிட்டயும் கேக்க முடியாது. புவனாவுக்கு ஆறு மாசம்டா."

நான் பார்த்தேன். ஒரு பக்கத்தைத் திறந்தால் அது இன்னொன்றுக்கு அழைத்துப்போனது, அது இன்னும் மோசமான ஒன்றுக்கு. படித்ததை எல்லாம் அவனிடம் சொல்லவில்லை. "கடையச் சாத்திட்டு இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போ" என்று மட்டும் சொன்னேன்.

அங்கே அவனைப் பார்த்தவர் சாஜிதா பேகம் என்ற டாக்டர். நிதானமானவர். எப்படி வெட்டியது, எவ்வளவு ரத்தம், தடுப்பூசி போட்டதுண்டா என்று கேட்டார். எந்தத் தடுப்பூசியும் போட்டதில்லை. எய்ட்ஸும் வந்துவிடுமா என்றுதான் அவன் முதலில் கேட்டான்.

"அதுக்கும் சேர்த்தே பார்த்துடறோம். ஆனா நீங்க சொல்றதை வச்சுப் பார்த்தா ஹெப்படைட்டிஸ் பி-யைத்தான் முதல்ல பார்க்கணும். தடுப்பூசி இன்னைக்கே ஆரம்பிச்சுடலாம். அது இல்லாம இன்னொரு ஊசி இருக்கு. அவருக்கு பி-னு உறுதியாத் தெரிஞ்சா அதையும் போடணும். ஸ்டாக் கம்மி, தெரியாம தர மாட்டாங்க. சீக்கிரம் போட்டாத்தான் பலன். ஒரு வாரம் தாண்டிட்டா போட்டும் பிரயோஜனமில்லை."

"நீங்களே அந்த ஆஸ்பத்திரில கேக்க முடியாதுங்களா?"

"அவங்க சம்மதம் இல்லாம யாரும் சொல்ல மாட்டாங்க. நீங்கதான் கேட்டுட்டு வரணும். அதுவரைக்கும் வீட்டுல ஜாக்கிரதையா இருங்க. மனைவி மாசமா இருக்காங்கன்னீங்களே, அவங்களுக்கு டெஸ்ட் பார்த்தாச்சில்ல?"

"பாத்தாச்சுங்க. ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்க."

"அப்படியே இருக்கணும்." எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "ரத்தம் நிக்க என்ன போட்டீங்க?"

"படிகாரமுங்க. அது நல்லா எரியுமுங்க டாக்டர், கிருமியெல்லாம்…"

"எரியறது உங்களுக்குத்தான். கிருமிக்கு எரியாது. காஞ்சுபோன ரத்தத்துல கூட இது ஒரு வாரம் உயிரோட கிடக்கும். அந்தக் கல்லை யார் யாருக்குத் தேய்ப்பீங்க?"

சுரேந்தர் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தான்.

கடைக்குத் திரும்பி வந்து கிண்ணத்தில் இருந்த கல்லைப் பார்த்தபடி நின்றான். அவன் உள்ளங்கைக்குத் தோதாகத் தேய்ந்து, பளிங்கு மாதிரி, எந்தக் கறையும் இல்லாமல் இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து அன்று காலை வரை அது யார் யார் கன்னத்தில் பட்டது என்று நினைத்துப் பார்த்தான். இரண்டு முகங்கள் நினைவுக்கு வந்தன. வேறு யாரும் உண்டா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பக்கெட்டில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, கல்லை அதற்குள் போட்டு, ஷட்டரை இறக்கினான். அந்த இரண்டு பேரையும் மறுநாளே, சங்கத்தில் எல்லாருக்கும் சொல்லச் சொன்னார்கள் என்று ஒரு காரணம் சொல்லி, டெஸ்டுக்கு அனுப்பிவைத்தான்.

புதன்கிழமை ராத்திரி முன்ரூமில் பாயை விரித்துப் படுத்தான். மறுநாளும் அங்கேயே. தன் தட்டு, தன் டம்ளர் என்று பிரித்து வைக்க ஆரம்பித்தான். அதற்கெல்லாம் தேவையில்லை என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. காபி டம்ளரை அவன் தானே கழுவி வைப்பதைப் பார்த்துக்கொண்டு புவனா சமையலறை வாசலில் நின்றாள்.

"ஏனுங்க, என்ற மேல ஏதாச்சும் கோவமா? இல்ல, ஆறு மாசத்துக்கே என்னையப் பாத்தா அலுத்துப் போச்சா?"

சொல்லிவிட்டான். புவனா அவன் இடது கையைப் பிடித்துப் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தாள். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"ஊருக்கெல்லாம் புது பிளேடு. உங்க விரலுக்கு மட்டும் ஊர் தேச்ச கல்லு. நல்லா இருக்குதுங்க நாயம்." அவன் பிரித்து வைத்த டம்ளரை எடுத்து மற்றவற்றோடு வைத்தாள். "போய்க் கேளுங்க அவிய ஊட்டுல."

"என்னன்னு கேக்கறது புவனா? கல்யாணம் பேசற ஊடு. உங்களுக்கு என்ன சீக்குன்னு நான் போய் வாசல்ல நின்னு கேக்கறதா? நம்ம சாதிக்காரன் போய்…"

"நீங்க போகலைன்னா நான் போறேன். வயித்தத் தள்ளிட்டு நின்னா அந்தம்மா என்ன சொல்லுதுன்னு பாக்கறேன்."

அவன் அப்பா அந்த வீட்டுக்குப் பின்பக்கச் சந்து வழியாகத்தான் போவார். மாட்டுத்தொட்டி அருகே தம்பிதுரையின் அப்பாவை உட்கார வைத்துச் சவரம் செய்து, அப்படியே திரும்பி வருவார். சுரேந்தர் வெள்ளிக்கிழமை காலை முன்கேட்டில் போய் நின்றான். தம்பிதுரையின் மனைவி சாந்தாமணி வெளியே வந்தார். எப்போதும் 'வா கண்ணு' என்பவர்.

"வாங்க. என்னுங்க சோலி?"

அந்த 'வாங்க'விலேயே சுரேந்தருக்கு விளங்கிவிட்டது. நம் பக்கத்தில் கோபம் வந்தால் மரியாதை கூடும்.

"ஐயாவுக்கு ஒடம்பு சொகமில்லைன்னு கேள்விப்பட்டனுங்கம்மா. காமாலைன்னு சொன்னாங்க. அது எந்த மாதிரின்னு…"

"காமாலைன்னு யாருங்க சொன்னது? வாயுத் தொந்தரவு. ரெண்டு நாள்ல வந்துருவாரு. இந்த நேரத்துல இந்த மாதிரி நாயமெல்லாம் எங்கயும் பேச வேண்டாமுங்க. பொண்ணு இருக்கற ஊடு. போயிட்டு வாங்க."

"அம்மா, எனக்கு விரல்ல…"

கேட் சாத்திக்கொண்டது.

அன்று சாயந்திரம் டாக்டர் போன் செய்தார். அவன் ரத்தத்தில் இப்போதைக்கு எதுவும் இல்லை. "ஆனா இது திங்கட்கிழமைக்கு முந்தின கதை. அதுக்குப் பிறகு உள்ள போயிருந்தா இப்பத் தெரியாது. கேட்டீங்களா?"

"கேட்டுட்டு இருக்கறனுங்க" என்றான்.

என்னிடம் பேசும்போது அவன் குரல் மெதுவாக இருந்தது. அழுதால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு. நான் இங்கிருந்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, தம்பிதுரையின் சொந்தக்காரன் என்று பொய் சொல்லிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் சொன்னால் எடுபடும் என்று நினைத்தேன். மரியாதையாகப் போனை வைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை பொழுது சாயும்போது சாந்தாமணியே போனில் கூப்பிட்டார்.

"கண்ணு, ஐயா ஊட்டுக்கு வந்துட்டாரு. நாளைக்கு மாப்பிள்ளை ஊட்டு ஒறம்பரை வாராங்க. அவரு தாடியோட உக்காந்தா நல்லாவா இருக்கும்? வெடியால வந்து முகம் வழிச்சு விட்டுட்டுப் போயிரு சாமி. அன்னைக்கு நான் ஏதாச்சும் பேசியிருந்தா மனசுல வெச்சுக்காத."

சேரிங்கம்மா என்று சொல்லிப் போனை வைத்தான். வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். போகாமல் இருக்கலாம். போனால் மறுபடியும் அதே கன்னம், அதே ரத்தம். ஆனால் தெரிந்துகொள்ள இனி வேறு வழியும் இல்லை, நாளும் இல்லை.

புவனா மருந்துக்கடைக்குப் போய் ஒரு பெட்டி கையுறை வாங்கி வந்தாள். சாமான் பைக்குள் அவளே வைத்தாள். "இத மாட்டாம அவரு மூஞ்சியத் தொட்டுப்போட்டு இந்த ஊட்டுப் படி ஏறாதீங்க. மகாராசனா அங்கயே இருந்துக்கோங்க."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அந்த வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பலகார வாசனை. அவனை நேரே உள்ரூமுக்குக் கூட்டிப்போனார்கள். ஜன்னலோரம் நாற்காலியில் தம்பிதுரை. ஒரு வாரத் தாடி. முகம் இளைத்து, கழுத்து நரம்பு தெரிந்தது. கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

"வாப்பா. கன்னத்தக் கிழிக்காம வழி. பொண்ணப் பாக்க வாரவன் என்னையப் பாத்துட்டு ஓடிரக் கூடாது."

சுரேந்தர் துண்டைப் போர்த்தினான். நுரை போட்டான். பிளேடைக் காட்டினான், ஒடித்தான், செருகினான். அதன் பிறகு பையிலிருந்து கையுறையை எடுத்து ஒவ்வொரு விரலாக மாட்டினான். ரப்பர் சத்தம் அந்த ரூமில் பெரிதாகக் கேட்டது.

தம்பிதுரை அதைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"என்றா அது?"

"கையுறைங்கய்யா."

"எனக்கும் கண்ணு தெரியுது. என்னையத் தொடறதுக்கு உறை மாட்டறயா நீ?" குரல் உயரவில்லை. "உன்ற அப்பன் மாட்டுத்தொட்டிகிட்ட நின்னான். உன்னைய நான் ஊட்டுக்குள்ள, என்ற கட்டிலுக்குப் பக்கத்துல நிக்க வெச்சிருக்கறேன். யாரு யாரத் தொட உறை மாட்டறது?"

அப்படியே கழற்றிவிட்டு, ஒன்றும் கேட்காமல் வழித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் கால் சொல்லியது என்று சுரேந்தர் பிற்பாடு என்னிடம் சொன்னான். அவன் இடதுகை உறையை மட்டும் கழற்றினான். பெருவிரலை நீட்டினான்.

"திங்கக்கெழம உங்க கன்னத்தோட என்ற வெரலும் வெட்டிப்போச்சுங்க. ரெண்டு ரத்தமும் கலந்துபோச்சுங்க. உங்களுக்கு வந்த காமாலை எதுன்னு தெரிஞ்சா எனக்கு ஒரு ஊசி இருக்குதுங்கய்யா. இன்னைக்கு விட்டா அது ஆவாது. என்ற சம்சாரம் மாசமா இருக்குதுங்க. அம்மாகிட்ட வந்து கேட்டனுங்க. சொல்ல மாட்டேன்னுட்டாங்க."

"காமாலையா? தண்ணி ஆகாமப் போச்சுன்னுதானே என்கிட்டச் சொன்னாங்க?" அவர் கதவுப் பக்கம் திரும்பினார். முகத்தில் நுரை அப்படியே இருந்தது. "சாந்தா!"

சாந்தாமணி வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். கையுறையைப் பார்த்தார், விரலைப் பார்த்தார்.

"எனக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. இன்னைக்குப் போயி…"

"எனக்கு என்னன்னு கேட்டேன்."

வெளியே யாரோ தோரணத்துக்குக் கயிறு கேட்டார்கள். சாந்தாமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "பி-ன்னு சொன்னாங்க. ஹெப்படைட்டிஸ் பி. ரத்தத்துல இருக்குதாமா. மாத்திரை சாப்பிட்டா அடக்கி வெச்சுக்கலாம்னு சொன்னாங்க. கல்யாணம் முடியட்டும், அப்பறம் உங்ககிட்டச் சொல்லிக்கலாம்னு…"

கேட்க வந்தது கிடைத்துவிட்டது. ஆனால் தம்பிதுரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்படி வரும்?"

"ரத்தத்துல இருந்து ரத்தத்துக்குங்க. ஊசி, பிளேடு, அந்த மாதிரி."

"நான் ஊசி கீசி போட்டுக்கறவன் இல்ல. வாரத்துக்கு மூணு தடவை உன்ற நாற்காலில உக்கார்றவன்." நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "அப்ப உன்ற கடைல இருந்து வந்துச்சா?"

சாந்தாமணி தலையை நிமிர்த்தினார். "அதானே! வேற எங்க போனாரு இவரு?"

"பிளேடு புதுசுங்கய்யா. ஒவ்வொருத்தருக்கும் புதுசு. உங்க கண்ணுக்கு முன்னாடிதான் ஒடைக்கறேன். அதுல இருந்து வந்திருக்காதுங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். பலகை இருக்கிறது, ஊரே சாட்சி சொல்லும். சுரேந்தர் தன் பெருவிரலைப் பார்த்தான்.

"ஆனா படிகாரம் ஒரே கல்லுங்க. வெட்டுப்பட்ட எல்லாருக்கும் அதுதான். எனக்கும் அதுதான். எரிஞ்சாக் கிருமி செத்துரும்னு நெனைச்சுட்டனுங்க. சாகாதாமா. எப்பவோ ஆஸ்பத்திரில போட்ட ஊசில வந்திருக்கலாம், பொறந்தப்பவே இருந்திருக்கலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. ஆனா என்ற கல்லுல இருந்து வரலைன்னு சொல்றதுக்கு என்னால ஆவாதுங்க."

"பாவி! இத வெச்சுட்டு ஊரெல்லாம் வழிச்சயா? இனி உன்ற கடைல ஒருத்தன் காலெடுத்து வெச்சா…"

தம்பிதுரை கையை உயர்த்தினார். சாந்தாமணி நிறுத்திக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே ஒரு கோழி கெக்கரித்தது. அவர் கன்னத்தில் நுரை காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது.

"மூஞ்சில சோப்பப் பூசிட்டு எத்தன நேரம்டா உக்காந்திருக்கறது? வழி."

"ஐயா…"

"உறைய மாட்டு. வழி."

அவர் தலையைப் பின்னால் சாய்த்துக் கழுத்தைக் காட்டினார்.

கையுறை போட்டு சுரேந்தர் ஒரு நாளும் சவரம் செய்ததில்லை. ரப்பர் விரலில் தோல் நிற்கவில்லை. நுரையில் வழுக்கியது. பெருவிரல் எங்கே இருக்கிறது, கத்தி எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துப் பார்த்து நகர்த்த வேண்டியிருந்தது. குரல்வளை மேட்டில் வரும்போது மூச்சை நிறுத்திக்கொண்டான். சாந்தாமணி கதவோரம் நின்று ஒவ்வொரு இழுப்பையும் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தபோது ஒரு கீறல் இல்லை. பழக்கத்தில் அவன் கை கிண்ணத்தைத் தேடிப் போய், வெறுமனே திரும்பியது.

தம்பிதுரை முகத்தைத் தடவிப் பார்த்தார். "அந்தப் பேப்பர எடுத்துக் குடு சாந்தா. டாக்டருக்குக் காட்டோணும், படம் எடுத்துக்கட்டும்." பிறகு அவனிடம், குரலைத் தணித்து: "ஒண்ணு மட்டும் கேட்டுக்க. கடைல எனக்கு மட்டும் இந்த உறைய மாட்டுனேன்னா ஊரு ஒரே நாள்ல கண்டுக்கும். பொண்ணு கல்யாணம் நின்னு போகும்."

"எல்லாருக்கும் மாட்டிக்கறனுங்கய்யா."

"ஒருத்தரு விடாம?"

"ஒருத்தரு விடாமங்க. நீங்களும் ஊட்ல எல்லாருக்கும் டெஸ்ட் பாத்து ஊசி போட்டுக்கோணுங்க. வர்ஷினியம்மாவுக்கும்."

"சேரி. போ. ஊசிக்கு நேரமாச்சு."

அவன் பைக்கை எடுக்கும்போது கோபிச்செட்டிபாளையத்துக் கார்கள் இரண்டு சந்துக்குள் நுழைந்துகொண்டிருந்தன. ஓரமாக ஒதுங்கி வழிவிட்டான். சூலூரிலிருந்து கோயமுத்தூர் வரை எப்படி ஓட்டினான் என்று அவனுக்கு நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மருந்துப் பிரிவில் ஆளில்லை. சாவி வைத்திருந்தவரைத் தேடிப் பிடித்தார்கள். சாஜிதா பேகம் போனிலேயே சொல்லி ஏற்பாடு செய்தார். மதியம் எனக்கு ஒரே ஒரு வரி வந்தது. 'போட்டாச்சு.'

போட்டாச்சு என்பதோடு முடியாது. உள்ளே போனதா, போகவில்லையா என்பது மாதக்கணக்கில் காத்திருந்தால்தான் தெரியும். அதற்குள் இன்னும் இரண்டு தடுப்பூசி. புவனாவுக்கும் தடுப்பூசி.

திங்கட்கிழமை கடையைத் திறந்ததும் முதல் ஆள் மனோஜ்குமார்தான். சுரேந்தர் உறையை மாட்டுவதைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். "டேய், முடி வெட்டப் போறயா, கொடல எடுக்கப் போறயா?"

"உன்ற தலைல இருக்கற எண்ணெயக் கழுவி மாளலைடா. அதுக்குத்தான்."

"எங்க தலையத் தொட அருவருப்பா இருக்குதாமா தொரைக்கு" என்றது பெஞ்சு. ஒரு மாதம் அந்தக் கிண்டல் ஓடியது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். ஒருவர் மட்டும் திரும்பி வந்தார். படிகாரம் தூளாகிவிட்டது. கீறல் விழுந்தால் பஞ்சில் தொட்டு வைத்து, அந்தப் பஞ்சைத் தூக்கிப் போடுவான். பிளேடை ஒடிக்கும்போதும் கையுறைதான். வாசலில் திருஷ்டிக் கல் மட்டும் அப்படியே தொங்குகிறது. அதை எடுக்க புவனா விடவில்லை.

தம்பிதுரை அடுத்த மாதம் வந்தார். கண் தெளிய ஆரம்பித்திருந்தது. பெஞ்சு எழுந்து இடம் விட்டது. சுரேந்தர் பழைய உறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது உறையை மாட்டினான். அவருக்கு முன் உட்கார்ந்திருந்தவனுக்கும் அப்படித்தான் செய்திருந்தான். யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சாந்தாமணி மட்டும் இன்றுவரை அவனை 'வாங்க' என்றுதான் கூப்பிடுகிறார்.

வர்ஷினியின் கல்யாணம் தை மாதம் நடந்தது. அதற்குள் புவனாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பிரசவத்துக்கு முன் பார்த்ததில் அவள் ரத்தத்தில் ஒன்றுமில்லை. அவனுடைய கடைசி டெஸ்ட் முடிவு கல்யாணம் முடிந்த பிறகு வந்தது. அந்த வெள்ளிக்கிழமை மாலை போன் அடித்தபோது எனக்கு எடுக்கப் பயம். எடுத்தேன். "ஒண்ணுமில்லைடா" என்றான்.

ஆனால் அதை அவன் சொல்ல வேண்டிய ஆள் இன்னொருவர் இருந்தார். போனில் சொல்வது சரியில்லை. திங்கட்கிழமை காலை தம்பிதுரை நாற்காலியில் இருந்தார். பெஞ்சு நிறைய ஆட்கள். காதோரம் குனிந்து ஏதாவது சொன்னால் என்ன ரகசியம் என்று மனோஜ்குமார் கேட்பான். சுரேந்தர் ஒரு கன்னத்தை முடித்தான். மறு கன்னத்துக்கு வந்தான். மெதுவாகவே வழித்தான்.

தளத்திலிருந்து ஜெட் கிளம்பியது. கண்ணாடி அதிர்ந்தது. எப்போதும்போல அவன் கத்தியைத் தூக்கிப் பிடித்தான். பெஞ்சில் வாய்கள் அசைவது நின்றது. சத்தம் தலைக்கு மேல் வந்த நேரம் பார்த்து அவர் காதருகே குனிந்தான்.

"எனக்கு வரலீங்கய்யா."

தம்பிதுரை கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் போன பிறகும் கொஞ்ச நேரம் திறக்கவில்லை. பிறகு, மறு கன்னத்தை அவன் பக்கம் திருப்பிக் கொடுத்தார்.